அப்பா அம்மாவைச் சேர்த்து வைத்த பாட்டுகள் நமக்குள் என்ன செய்தன?

நிலாமுற்றம் எழுதியது:

எங்கள் அப்பாவும் அம்மாவும் ஒரே மேசையில் வேலை பார்த்தவர்கள். ஆனால் ஒரே நேரத்தில் இல்லை. அப்பாவுக்கு இரவு ஷிப்ட், அம்மாவுக்குப் பகல். மேசையின் கீழ் இழுப்பறையில் ஒரு டேப் ரெக்கார்டர் கிடக்கும். அப்பா தனக்குப் பிடித்த பாட்டுகளைப் பதிந்த கேசட்டை அதிலேயே விட்டுவிட்டுப் போவார். காலையில் வரும் அம்மா அதைப் போட்டுக் கேட்பார்.

சி-90 கேசட்டில் ஒரு பக்கத்துக்கு 45 நிமிடம். பாட்டுகளை அடுக்கிக்கொண்டே வந்தால் கடைசியில் மூன்று, நான்கு நிமிடம் மிஞ்சும். முழுப் பாட்டு அதில் அடங்காது என்று அப்பா அந்த இடத்தை வெறுமனே விட்டுவிடுவார். பாதியில் அறுந்துபோகும் பாட்டை அவரால் இன்றைக்கும் பொறுத்துக்கொள்ள முடியாது. அம்மா அந்த மிச்ச இடத்துக்கு அளவாகப் பொருந்துகிற சின்னப் பாட்டாகத் தேடிப் பதிந்து வைக்க ஆரம்பித்தார். அட்டையில் அப்பாவின் நீல மைக்குக் கீழே அம்மாவின் பச்சை மையில் ஒரு வரி கூடும். யார் என்று தெரியாமலே இது நடந்திருக்கிறது. ஒருமுறை பொருத்தமான பாட்டு எதுவும் அகப்படாமல், அம்மா தானே ஒரு பல்லவியைப் பாடிப் பதிந்துவிட்டார். அப்பா அம்மாவின் குரலை முதன்முதலில் கேட்டது அந்த நாடாவில்தான். நேரில் பேசியதெல்லாம் அதற்கப்புறம்.

அந்தக் கேசட்டுகளோடு வளர்ந்தவள் நான். ஒரு பாட்டு முடிந்தால் அடுத்த பாட்டு ஒலிப்பதற்கு முன்பே எனக்குள் தொடங்கிவிடும். இப்போது வேறெங்காவது அந்தப் பாட்டைக் கேட்டாலும், முடிந்த கையோடு கேசட்டில் அடுத்து இருந்த பாட்டுக்காகக் காது காத்திருக்கிறது. வேறு எது வந்தாலும் தப்பாகத் தோன்றுகிறது. இரண்டு பாட்டுக்கு நடுவில் ரெக்கார்ட் பொத்தான் போடும் 'டக்' சத்தம்கூட எனக்கு அந்தப் பாட்டோடு சேர்ந்ததுதான்.

என் கேள்வி இதுதான். அந்தப் பாட்டுகளை நான் தேர்ந்தெடுக்கவில்லை. நான் பிறப்பதற்கு முன்பே வந்தவை அவை. ஆனால் என் கல்லூரிக் காலப் பாட்டுகளைவிட அவைதான் என்னை அசைக்கின்றன. அது பாட்டின் தரமா, இல்லை அவர்கள் இரண்டு பேரும் அதைக் கேட்ட விதமா? உங்கள் வீடுகளில் எப்படி?


மின்மினி எழுதியது:

அக்கா, அந்த 'அடுத்த பாட்டு' விஷயம் எனக்கும் உண்டு! எங்கள் வீட்டில் சிடி. நான்காவது பாட்டில் ஒரு இடத்தில் கீறல் விழுந்து துள்ளும். இப்போது சுத்தமான பதிவில் கேட்டாலும் அந்த இடம் வந்ததும் என் தலை தானாக ஒருமுறை ஆடி நிற்கும்.


ஒலிநாடா எழுதியது:

நிலாமுற்றம், அருமையாக எழுதியிருக்கிறீர்கள். பாட்டு வருவதற்கு முன்பே உள்ளுக்குள் தொடங்கிவிடும் என்றீர்களே, அதில் பாதி உங்கள் மனசு, பாதி அந்த நாடா. பல ஆண்டுகள் டேப் ரெக்கார்டர் பழுது பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்.

கேசட்டுக்குள் நாடா சுற்றுச் சுற்றாக ஒன்றன்மேல் ஒன்று படிந்து கிடக்கிறது. சத்தம் பலமாகப் பதிந்த சுற்றின் காந்தம், ஒட்டிக் கிடக்கும் பக்கத்துச் சுற்றிலும் லேசாக ஏறிவிடும். நீண்ட நாள் சும்மா கிடந்தால் இன்னும் கூடும். அதனால்தான் பழைய கேசட்டில் பாட்டு தொடங்க ஓரிரு நொடி இருக்கும்போதே அந்தத் தொடக்கம் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் மெலிதாகக் கேட்கும். சி-60 நாடாவைவிட சி-90 நாடா மெல்லியது, அதில் இது அதிகம். சிறு வயதில் காதை வைத்துக் கேட்ட பிள்ளைக்கு அது கண்டிப்பாகக் கேட்டிருக்கும். உங்களுக்குள் தொடங்கிய அந்தப் பாட்டு நாடாவிலும் தொடங்கித்தான் இருந்தது.

ஒரு வேண்டுகோள். அம்மாவின் குரல் பதிந்த கேசட்டைத் தயவுசெய்து எந்தப் பழைய பெட்டியிலும் போட்டுச் சோதிக்காதீர்கள். கேசட்டின் வாய்ப்பக்கம் ஒரு சின்னப் பஞ்சுத் துண்டு, மெல்லிய உலோகத் தகட்டில் ஒட்டியிருக்கும். நாடாவை, ஒலியைப் படிக்கும் ஹெட்டோடு அழுத்திப் பிடிப்பது அதுதான். பசை காய்ந்து அது விழுந்திருந்தால் குரல் மங்கிப்போய் வரும், நாடா கெட்டுவிட்டது என்று நினைத்துவிடுவோம். பஞ்சை மாற்றினால் சரியாகிவிடும். ரப்பர் உருளை பிசுபிசுத்த பெட்டி என்றால் நாடாவையே சுருட்டி விழுங்கிவிடும். மேல்பக்கத்துப் பிளாஸ்டிக் பல் உடைக்கப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். உடைக்காமல் இருந்தால் உடனே உடைத்துவிடுங்கள். தெரியாமல் ரெக்கார்ட் பொத்தானை அழுத்தினாலும் அழியாது.


நிலாமுற்றம் எழுதியது:

ஐயா, உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. இதை அப்பாவிடம் படித்துக் காட்டினேன். "அதான் சொன்னேனே, முன்னாடியே கேக்கும்னு" என்று அம்மாவைப் பார்த்துச் சொன்னார். இருவருக்குள்ளும் இது பழைய விவாதமாம்! பஞ்சு விஷயத்தைப் பார்க்கிறேன். பல் உடைத்துத்தான் இருக்கிறது.


கரும்பலகை எழுதியது:

உளவியல் வகுப்பு எடுப்பவன். நிலாமுற்றம், உங்கள் கேள்வியின் ஒரு பாதிக்குப் பதில் ஆய்வில் இருக்கிறது.

பதின்வயதிலும் இருபதுகளின் தொடக்கத்திலும் கேட்ட பாட்டுகள்தான் ஆயுசுக்கும் ஆழமாகத் தங்கும் என்பது பலமுறை சோதித்துப் பார்த்த விஷயம். ஆனால் 2013-இல் கார்னெல் பல்கலைக்கழகத்தின் கரோல் கிரம்ஹான்ஸ்ல், ஜஸ்டின் ஜுப்னிக் என்பவரோடு சேர்ந்து வேறொன்றைக் கண்டார். இருபது வயதையொட்டிய மாணவர்களுக்கு, 1955 முதல் 2009 வரை அமெரிக்காவில் புகழ்பெற்ற பாட்டுகளின் துணுக்குகளைப் போட்டுக் காட்டினார்கள். தெரிகிறதா, பிடிக்கிறதா, ஏதாவது நினைவு வருகிறதா என்று கேட்டார்கள். அவர்கள் காலத்துப் பாட்டுகள் மேலே வந்ததில் ஆச்சரியம் இல்லை. 1980-களின் தொடக்கப் பாட்டுகளிலும் ஒரு மேடு தெரிந்தது. கணக்குப் போட்டால் அது இவர்களுடைய அப்பா அம்மா இளைஞர்களாக இருந்த காலம். 1960-களில் இன்னொரு மேடு. அது தாத்தா பாட்டி வழியாக வந்திருக்கலாம், அந்தப் பாட்டுகளே அவ்வளவு நன்றாக இருந்ததாலும் இருக்கலாம் என்று இரண்டு வழியையும் திறந்தே விட்டார்கள்.

ஆக, பெற்றோரின் இளமை பிள்ளையின் காதுக்குள் போய் உட்காருகிறது. நடுவில் வந்த பாட்டுகளுக்கு அந்த இடம் கிடைக்கவில்லை. அப்பா அம்மா தங்கள் இளமைப் பாட்டுகளையே வீட்டில் திரும்பத் திரும்பப் போடுகிறார்கள், பிள்ளை அதையே கேட்கிறது. எளிய காரணம்தான். ஆனால் நிலாமுற்றம் கேட்கும் இரண்டாம் பாதிக்கு, அவர்கள் கேட்ட விதத்துக்கு, அந்த ஆய்வு பதில் சொல்லவில்லை.


வடக்குச்சன்னல் எழுதியது:

எல்லோரும் உருகி எழுதும் இடத்தில் எதிர்ப்பேச்சு பேச வருகிறேன்.

எங்கள் அப்பா நன்றாகப் பாடுவார். அவர் குரலில் மயங்கித்தான் அம்மா கட்டிக்கொண்டார் என்று உறவெல்லாம் சொல்லும். நான் பள்ளியில் படிக்கும்போதே பிரிந்துவிட்டார்கள். வீட்டில் பேச்சுவார்த்தை நின்றுபோன மாதங்களிலும் அப்பா குளியலறையில் பாடிக்கொண்டுதான் இருந்தார், அதே பாட்டை. பிரிந்த பிறகு அது எங்காவது ஒலித்தால் அம்மா எழுந்து போய் நிறுத்துவார். எனக்கு அந்தப் பாட்டு உயிர். அம்மா பக்கத்தில் இருந்தால் கேட்காதவள்போல் முகத்தை வைத்துக்கொள்ளப் பழகினேன்.

பாட்டு ஒருவரை ஒருவர் கண்டுகொள்ள உதவும். சேர்ந்து வாழ அது போதாது. இது சொல்லப்படாமல் இந்த இழை நகர்ந்தால் எங்களைப் போன்ற பிள்ளைகள் வாசலுக்கு வெளியேதான் நிற்க வேண்டும்.


மூன்றாம்கட்டை எழுதியது:

வடக்குச்சன்னல், நீங்கள் வாசலுக்கு உள்ளேதான் இருக்கிறீர்கள். நீங்கள் எழுதியதுதான் இதுவரை வந்ததிலேயே கனமானது.

எங்கள் வீடு மூன்றாவது வகை. பிரியவும் இல்லை, ஒரே ரசனையும் இல்லை. அப்பாவுக்கு வாத்தியம், அம்மாவுக்கு வரிகள். ஒரே பாட்டைப் போட்டுவிட்டு இரண்டு பேரும் இரண்டு பாட்டைக் கேட்பார்கள். அப்பா கையைத் தூக்கி "இரு, இரு, இப்ப அடியில பேஸ் வருது பாரு" என்பார். அதே நொடியில் அம்மா "சும்மா இருங்க, இந்த வரிதான் பாட்டே" என்பார். இரண்டாவது சரணத்துக்கு முந்தைய இடையிசையில் அப்பாவுக்கு ஆட்சி, சரணம் தொடங்கியதும் அம்மாவுக்கு. பல வருடம் இப்படியே போனது. கோபமாகச் சண்டை போட்டும் இருக்கிறார்கள், பாட்டு முடிந்த பிறகு.

நான் இன்று ஒலிப்பதிவுக் கூடத்தில் வேலை செய்கிறேன். ஒரு பாட்டின் ஒலிக்கலவையைச் சரிபார்க்கும்போது முதல் முறை அப்பாவாக உட்கார்ந்து கேட்பேன், கீழ் ஸ்தாயி மட்டும். இரண்டாம் முறை அம்மாவாக, ஒவ்வொரு மெய்யெழுத்தும் தெளிவாக விழுகிறதா என்று. பேஸ் கிட்டாரைக் கொஞ்சம் தூக்கினால் ஆண் குரலின் அடிப்பகுதி மறைந்துபோகும், இரண்டும் ஒரே அலைவரிசைப் பகுதியில் இடம் கேட்பவை. அந்த இடத்தில் யாருக்கு வழிவிடுவது என்று தீர்மானிக்கும்போது அவர்கள் இருவரும் என் இரண்டு பக்கமும் நிற்பதாகவே உணர்கிறேன்.

அதனால், ஒரே ரசனை இருந்தால்தான் பாட்டு சேர்த்து வைக்கும் என்பதை நான் ஏற்க மாட்டேன். என் பெற்றோர் ஒருவர் கேட்பதை மற்றவர் கேட்கும்படி விடாமல் இழுத்தார்கள். எனக்குக் கிடைத்தது அந்த இழுப்புதான்.


மின்மினி எழுதியது:

மூன்றாம்கட்டை அண்ணா, இனி எந்தப் பாட்டையும் இரண்டு தடவை கேட்பேன்.

ஒரு சந்தேகம். இப்போது வீட்டில் ஆளுக்கொரு போன், ஆளுக்கொரு இயர்போன். எங்கள் தலைமுறைப் பிள்ளைகளுக்கு இந்த மாதிரி எதுவும் மிஞ்சாது என்று என் அத்தை சொல்கிறார். நானும் நான் கட்டிக்கொள்ளப் போகிறவரும் (கல்யாணம் அடுத்த வருடம்) பழகியதே பாட்டு லிங்க் அனுப்பித்தான். இருவரும் சேர்த்து வைத்த பட்டியல் ஒன்று போனில் இருக்கிறது. அது கேசட் ஆகாதா?


ஒலிநாடா எழுதியது:

ஆகும் தங்கச்சி. இயர்போனைக் குறை சொல்வதற்கு முன் ஒரு வரலாறு.

1979 ஜூலையில் சோனி நிறுவனம் கையோடு எடுத்துப்போகும் கேசட் கருவியான வாக்மேனை முதன்முதலில் ஜப்பானில் விற்பனைக்குக் கொண்டுவந்தபோது அதில் ஹெட்போன் செருக இரண்டு துளைகள் இருந்தன. ஒன்று உங்களுக்கு, ஒன்று பக்கத்தில் இருப்பவருக்கு. ஆரஞ்சு நிறத்தில் ஒரு பொத்தானும் உண்டு. அதை அழுத்தினால் பாட்டு தணியும், உள்ளே இருக்கும் மைக் வழியாக இரண்டு பேரும் பேசிக்கொள்ளலாம். சோனியின் நிறுவனர்களில் ஒருவரான அகியோ மொரிட்டா முதல் மாதிரியை வீட்டுக்குக் கொண்டுபோய்க் கேட்டுக்கொண்டிருந்தபோது, தன்னை வெளியே தள்ளிவிட்டதாக மனைவி வருத்தப்பட்டாராம். இரண்டு துளை வந்ததற்கு அதைத்தான் மொரிட்டா காரணமாகச் சொன்னார். பின்னால் வந்த மாடல்களில் அந்தப் பொத்தானை எடுத்துவிட்டார்கள். எனக்கு இன்றுவரை அதில் வருத்தம்தான்.

தனியாகக் கேட்பதற்கென்றே செய்த கருவியிலும் பக்கத்து ஆளுக்கு இடம் கேட்டு ஒருத்தி நின்றாள். உங்கள் அவரும் நீங்களும் பட்டியலில் செய்வதும் அதுதான். ஒன்றே ஒன்று: பிள்ளை பிறந்தால் அதை ஸ்பீக்கரில் போடுங்கள். இயர்போனுக்குள் இருப்பது பிள்ளைக்குக் கேட்காது.


கரும்பலகை எழுதியது:

ஒலிநாடா ஐயாவின் கடைசி வரியோடு ஒரு தகவலைச் சேர்க்கிறேன். அரிசோனா பல்கலைக்கழகத்தில் சாண்டி வாலஸ், ஜேக் ஹார்வுட் இருவரும் 2018-இல் வெளியிட்ட ஆய்வு. சிறு வயதில் பெற்றோரோடு சேர்ந்து என்னென்ன செய்தீர்கள், இப்போது உறவு எப்படி என்று இளைஞர்களைக் கேட்டார்கள். சேர்ந்து பாட்டுக் கேட்டவர்கள், சேர்ந்து வாத்தியம் வாசித்தவர்கள் பெற்றோரோடு நெருக்கமாக இருந்தார்கள். அதிலும் பதின்வயதில் அப்படிச் சேர்ந்து கேட்ட நினைவுக்குத்தான் தொடர்பு வலுவாக இருந்தது. குழந்தையோடு பாடாத வீடு குறைவு. பதினைந்து வயதுப் பிள்ளை அறைக்கதவைச் சாத்தும் காலத்தில் சேர்ந்து கேட்பதுதான் அரிது, அதனாலேயே அது கணக்கில் வருகிறது என்பது என் எண்ணம்.

உறவு நன்றாக இருந்ததால் சேர்ந்து கேட்டார்களா, கேட்டதால் நன்றானதா என்பதை இந்த வகை ஆய்வால் பிரித்துச் சொல்ல முடியாது. வடக்குச்சன்னலுக்காக இதை அழுத்திச் சொல்கிறேன்.


விரல்நுனி எழுதியது:

நீண்ட நாள் படித்துவிட்டு மட்டும் போகிறவன். இன்று எழுத வேண்டும்போல் இருக்கிறது.

என் அப்பாவுக்குக் காது கேட்காது. சிறுவனாக இருந்தபோது வந்த காய்ச்சலில் போனது. அம்மாவுக்குப் பாட்டு இல்லாமல் ஒரு நாள் விடியாது. இந்த இருவருக்கும் எப்படிப் பாட்டு பொதுவாக இருக்க முடியும் என்று கேட்காதவர்கள் இல்லை.

அப்பா ஸ்பீக்கர் பெட்டியின் பக்கவாட்டு மரத்தில் உள்ளங்கையை வைத்துக்கொள்வார். முன்பக்கத்துத் துணியில் அல்ல, பக்கவாட்டில், கீழிருந்து ஒரு சாண் உயரத்தில். அந்த இடத்தில்தான் அதிர்வு தெளிவாக இருக்கும் என்று அவரே கண்டுபிடித்தது. தாழ்ந்த ஸ்வரங்கள் உள்ளங்கையில் ஏறும், உயர்ந்தவை ஏறாது. அதனால் தபலாவின் இடது பக்கமும் பேஸும் அவருடையவை. மேலே குரல் என்ன செய்கிறது என்பதை அம்மா அவருடைய இன்னொரு கையில் விரலால் எழுதுவார். குரல் மேலே போனால் மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை ஒரு கோடு. கமகம் வந்தால் விரல் நடுங்கிக்கொண்டே போகும். பாட்டின் வரிகளை உதட்டால் சொல்வார், அப்பா பார்த்துக்கொண்டிருப்பார். நான் அவர்களுக்கு நடுவில் உட்கார்ந்திருப்பேன், இரண்டு பேரின் முழங்கால்களும் ஒரே தாளத்தில் என் மேல் இடிக்கும்.

ஸ்காட்லாந்தின் தாளவாத்தியக் கலைஞர் எவலின் கிளெனி 12 வயதுக்குள் கேட்கும் திறனைப் பெரும்பாலும் இழந்தவர். மேடையில் செருப்பில்லாமல் நின்று, பாதத்தாலும் உடம்பாலும் அதிர்வை வாங்கி வாசிக்கிறார். அவரைப் பற்றிப் படித்தபோது நான் வியக்கவில்லை. எங்கள் வீட்டு வழக்கத்தை ஒருவர் மேடையில் செய்கிறார் என்றுதான் தோன்றியது.

நிலாமுற்றத்தின் கேள்விக்கு என் பதில்: அவர்கள் கேட்ட விதம்தான். எங்கள் அப்பா அந்தப் பாட்டுகளில் ஒன்றின் மெட்டையும் கேட்டதில்லை. ஆனாலும் அவை அவர்கள் இருவரின் பாட்டுகள்.


நிலாமுற்றம் எழுதியது:

விரல்நுனி, இதை என் பெற்றோர் இருவருக்கும் படித்துக் காட்டினேன். அப்பா எழுந்து போய் எங்கள் பழைய ஸ்பீக்கரின் பக்கவாட்டில் கையை வைத்துப் பார்த்தார்.


மூன்றாம்கட்டை எழுதியது:

விரல்நுனி, அந்த 'பக்கவாட்டில் ஒரு சாண்' பற்றி: மூடிய மரப்பெட்டியில் பலகை தாங்கல் இல்லாமல் அகலமாக இருக்கும் நடுப்பகுதிதான் அதிகம் அதிரும். விளிம்பும் மூலையும் இறுக்கமாக இருப்பதால் அடங்கிவிடும். உங்கள் அப்பா ஒரு ஒலிப்பொறியாளர் செய்ய வேண்டிய சோதனையை உள்ளங்கையால் செய்து முடித்திருக்கிறார். அவரிடம் சொல்லுங்கள்.


வடக்குச்சன்னல் எழுதியது:

விரல்நுனியின் பதிவைப் படித்துவிட்டு அம்மாவிடம் பேசினேன். அந்தப் பாட்டைப் பற்றி இத்தனை ஆண்டுகளில் முதன்முறையாகக் கேட்டேன்.

எங்கள் குடும்பத்தில் எல்லோரும் அது அப்பாவின் பாட்டு என்றே பேசிவந்தோம். அம்மா சொன்னது வேறு. அது அம்மா பள்ளியில் பாடிப் பரிசு வாங்கிய பாட்டு. அப்பாவுக்கு அப்போது அது தெரியவே தெரியாது. பழக ஆரம்பித்த பிறகு அம்மாதான் சொல்லிக்கொடுத்திருக்கிறார், சரணத்தில் மூச்சு எங்கே எடுக்க வேண்டும் என்பதுவரை. "அவர் நல்லா பாடினார்னு எல்லாரும் சொன்னாங்க, எனக்கும் சந்தோஷமாத்தான் இருந்துச்சு. அப்புறம் நான் பாடுறதையே விட்டுட்டேன்" என்றார். ரேடியோவை ஏன் நிறுத்துவார் என்பது எனக்கு அந்த நிமிடம்தான் புரிந்தது. அப்பாவை நினைவுபடுத்துவதால் மட்டும் அல்ல.

போனிலேயே இரண்டு வரி பாடினார். குரல் உடைந்திருந்தது, மூச்சு எடுக்கும் இடம் மட்டும் பிசகவில்லை. என் கருத்து மாறிவிட்டது என்று சொல்ல வரவில்லை. பாட்டு குடும்பத்தைக் காப்பாற்றவில்லை என்பது அப்படியேதான் இருக்கிறது. ஆனால் அந்தப் பாட்டை இனி ஒளித்துக் கேட்க வேண்டியதில்லை.


ஒலிநாடா எழுதியது:

அம்மாவைப் பாடச் சொல்லிப் பதிவு செய்யுங்கள். இந்த வாரமே. போனில் பதிந்தால் போதும்.


குயில்தோப்பு எழுதியது:

எல்லாப் பதிவையும் ஒரே மூச்சில் படித்தேன். எனக்கு இது ஏழாவது மாதம். நானும் கணவரும் ஒரு பாட்டுக் குழுவில் சந்தித்தவர்கள், அவர் கீபோர்ட், நான் கோரஸ். குழந்தைக்கு இப்போதே எங்கள் பாட்டுகளைக் கேட்க வைக்கலாம் என்று வயிற்றில் ஹெட்போன் வைக்கச் சொல்கிறார்கள். செய்யலாமா? கரும்பலகை சார் தெரிந்தால் சொல்லுங்கள்.


கரும்பலகை எழுதியது:

வாழ்த்துகள் அம்மா. ஹெட்போன் வேண்டாம். உள்ளே எவ்வளவு சத்தம் போய்ச் சேர்கிறது என்று வெளியிலிருந்து அளக்க வழியில்லை, தேவையும் இல்லை. ஏழாவது மாதத்தில் குழந்தைக்குக் காது கேட்கத் தொடங்கியிருக்கும். வெளி ஒலிகளில் உயர்ந்தவை வடிகட்டப்பட்டுத் தாழ்ந்தவை உள்ளே போகின்றன. விரல்நுனியின் அப்பா வாங்கிக்கொண்ட அதே பகுதி என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் குரல் மட்டும் காற்று வழியாகவும் உங்கள் உடம்பு வழியாகவும் போகிறது.

பிறந்து மூன்று நாளுக்குள் இருக்கும் சிசுக்கள் மற்றப் பெண்களின் குரலைவிடத் தாயின் குரலைத் தேடுகின்றன என்று டிகாஸ்பரும் ஃபைஃபரும் 1980-இல் காட்டினார்கள். 2013-இல் பின்லாந்தில் ஈனோ பார்டனனின் குழு, கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில் ஒரே தாலாட்டு மெட்டைத் தாய்மார்களை வாரத்துக்கு ஐந்து முறை வீட்டில் போடச் சொன்னது. அந்தக் குழந்தைகளின் மூளை பிறந்ததும் அந்த மெட்டை அடையாளம் கண்டது, நான்கு மாதத்திலும் கண்டது. வயிற்றில் ஒட்டவைத்த ஹெட்போன் எதுவும் அதில் கிடையாது. சாதாரணச் சத்தத்தில், அறையில்.

ஆகவே நீங்கள் பாடுங்கள், அவர் பக்கத்தில் உட்கார்ந்து வாசிக்கட்டும். ஒரே பாட்டைத் திரும்பத் திரும்பப் பாடுங்கள். பிறந்த பிறகும் அதையே தொடருங்கள்.


குயில்தோப்பு எழுதியது:

மிக்க நன்றி சார். எந்தப் பாட்டு என்பதில்தான் இப்போது வீட்டில் விவாதம். நாங்கள் முதன்முதலில் சேர்ந்து மேடையேறிய பாட்டு என்கிறார் அவர். அதில் எனக்கு ஆலாபனை மட்டும்தான், வரியே கிடையாது. எனக்கு வரி வேண்டும்.